முதல் தட்டு

அந்த இனாமல் தட்டின் விளிம்பில் ஒரு வெட்டு இருக்கிறது. பூச்சு பெயர்ந்து உள்ளே இரும்பு கறுத்துத் தெரியும். பாத்திரம் துலக்குகிறவள், "கையைக் கிழிக்குதும்மா, தூக்கிப் போடுங்க" என்று அலுத்துக்கொள்வாள். உன் வேலையைப் பார் என்று எரிந்து விழுவேன். என் மாமியார் இந்தத் தட்டைக் கொண்டுதான் ஓர் அரிவாளைத் தடுத்தார்.

மகாராஜா காலத்து மைசூர் அது. மண்டி மொஹல்லாவில் ஒரு சந்துக்குள் இதே வீடு. மாமியார் மிஷன் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கும் நர்ஸ். சோறு வடித்ததும் முதல் தட்டு வெளியாளுக்கு என்பது அவர் வைத்த வழக்கம். பசி என்று யார் வந்தாலும் அது அவர்களுக்கு. நாங்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை தெருக்கதவைச் சாத்தக் கூடாது; இயேசுசாமி வந்து வாசலில் காத்து நிற்கக் கூடாதாம். புது மருமகளான எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆவி பறக்கிற சோறு ஊருக்கு, அடிப்பிடித்தது நமக்கா?

அன்று மத்தியானம் வந்தவள் அடுத்த சந்து வண்டிக்காரனின் பெண்சாதி. கொள்ளேகாலத்துப் பக்கத்துப் பெண், நிறைமாதம். உதடு கிழிந்து, ரத்தம் ரவிக்கைவரை வழிந்திருந்தது. புருஷன் குடித்துவிட்டு அடித்திருக்கிறான். மாமியார் காயத்தைத் துடைத்து, அவளை உட்கார வைத்து முதல் தட்டைக் கொடுத்தார். அவள் சோற்றைத் தொடவே இல்லை. "கதவச் சாத்திப்போடுங்கம்மா, அவன் வந்துருவான்" என்றாள். நான் எழுந்தேன்.

"சாப்பாட்டு நேரத்துல இந்த வீட்டுக் கதவ சாத்தினதே இல்ல. உக்காரு" என்று என்னை அடக்கிவிட்டு, மாமியார் ஜெபத்துக்குக் கண்ணை மூடினார்.

எனக்கு ஜெபத்தில் மனசு நிற்கவில்லை. அரைக்கண்ணால் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் அரிவாளோடு உள்ளே வந்ததை நான்தான் பார்த்தேன். என் அலறலில் கண்ணைத் திறந்த மாமியார், அந்தப் பெண்ணின் மடியிலிருந்த தட்டைப் பறித்து அவள் தலைக்கு மேலே நீட்டினார். அரிவாள் தட்டில் விழுந்து வழுக்கி, அவருடைய வலது கை விரல்களில் இறங்கியது. சோறெல்லாம் சிவந்துபோயிற்று.

நான் உலக்கையை எடுத்து அவன் முழங்காலில் போட்டேன். அதற்காக நான் இன்றுவரை வருந்தியதில்லை. விழுந்தவனைச் சந்து ஜனம் சூழ்ந்துகொண்டு மிதித்தது. மண்டை பிளந்து மூச்சு இழுக்கிற நேரத்தில் மாமியார் ரத்தக் கையோடு அவன்மேல் கவிழ்ந்தார். இரண்டு மூன்று உதை அவர் முதுகிலும் விழுந்தது.

"அடிபட்டவ அவ. அவளக் கேளுங்க" என்றார்.

அந்தப் பெண் சுவரைப் பிடித்து எழுந்து நின்றாள். "சாக வேண்டாம். என் கண்ணுல மட்டும் படக் கூடாது" என்றாள். அவனைப் போலீஸ் கொண்டுபோயிற்று. அவள் பிரசவம் முடிந்து தாய்வீடு போகும்வரை எங்களோடுதான் இருந்தாள்.

மாமியாரின் விரல்கள் பிறகு மடங்கவே இல்லை. ஆஸ்பத்திரி வேலையும் போயிற்று. பார்க்க வந்த சபையார் அவர் தியாகத்தைப் புகழ்ந்துவிட்டுப் போனார்கள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கதவைச் சாத்தியிருந்தால் கை இருந்திருக்குமே அத்தை என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டேன்.

"கை கெடக்குது. அந்தப் புள்ள என்கிட்டச் சோறா கேட்டா? கதவச் சாத்தத்தானே கேட்டா. எனக்கு என் வழக்கம் பெருசாப் போச்சு" என்று சொல்லி அழுதார். அவர் அழுது அன்றுதான் பார்த்தேன்.

அதற்குப் பிறகும் முதல் தட்டு வெளியாளுக்குத்தான். ஆனால் சோறு போடுமுன், என்ன வேண்டும் என்று வந்தவர்களை ஒரு வார்த்தை கேட்பார்.

போன வாரம் ஒரு பெண் கன்னம் வீங்கி வாசலில் வந்து நின்றாள். தட்டைக் கையில் எடுத்துவிட்டேன். வெட்டு விரலில் பட்டது. தட்டைக் கீழே வைத்துவிட்டு, "கதவச் சாத்தட்டுமா?" என்று கேட்டேன். தலையாட்டினாள். தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுச் சோறு போட்டேன். பிறகு ஜெபம் பண்ணினேன், கண்ணை மூடாமல்.