இரண்டு சிடி பெட்டிகளும் பீப் மாப்பிள்ளையும்

பெரியவர் பல் டாக்டர். சின்னவர் கட்டட காண்ட்ராக்டர். ஒரு வயிற்றில் பிறந்த இந்த இருவருக்கும் எல்லா விஷயத்திலும் ஒத்துப்போகும், யாருடைய சிடி பிளேயர் நன்றாகப் பாடுகிறது என்ற ஒரே விஷயத்தைத் தவிர. பெரியவருடையது கறுப்புப் பெட்டி. அதை மாடிக்குத் தூக்கி வந்த ஆள் அதற்குப் பிறகு நிமிர்ந்தே நடக்கவில்லை என்று பேச்சு. சின்னவருடையது வெள்ளிநிறப் பெட்டி. அதன் தட்டு பட்டுத்துணி நழுவுவதுபோல் வெளியே வரும். அந்த அழகுக்காகவே அவர் பாட்டுக் கேட்காத நேரத்திலும் அதைத் திறந்து திறந்து மூடுவார். இரண்டின் விலையும் வீட்டுப் பெண்களுக்கு இன்றுவரை முழுசாகத் தெரியாது.

“உன் பெட்டியில பாடகிக்கு ஜலதோஷம் பிடிச்ச மாதிரி இருக்குடா.”

“உன் பெட்டியில அவ பல்லு கட்டிக்கிட்டுப் பாடுறாண்ணா. யாரு கட்டிவிட்டதோ!”

இப்படியே முற்றி, ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பெட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரேயடியாகத் தீர்த்துவிடுவது என்று முடிவானது. தீர்ப்புச் சொல்லத் தங்கையின் கணவரைக் கூப்பிட்டார்கள். அவர் ஆஸ்பத்திரியில் காது பரிசோதிப்பவர். “பீப் சத்தம் கேட்டா பட்டனை அமுத்துங்க” என்று காலையிலிருந்து சாயங்காலம்வரை சொல்லிச் சொல்லி, தூக்கத்தில் மனைவி புரண்டு படுத்தாலும் “வலது காதா, இடது காதா?” என்று கேட்பார் என்று மச்சான்கள் கதை கட்டியிருந்தார்கள். அந்தக் குடும்பத்தில் அவருக்குப் பீப் மாப்பிள்ளை என்றே பெயர்.

மாப்பிள்ளைக்குப் போகவே மனமில்லை. வாரம் முழுக்க ஜன்னலில்லாத சின்ன அறையில் உட்கார்ந்து மற்றவர்களுக்கு எது கேட்கிறது, எது கேட்கவில்லை என்று குறித்துக்கொண்டிருப்பவருக்கு ஞாயிறு என்றால் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடுவதுதான். ஆனால் அலுப்பு மட்டும் காரணமில்லை. உள்ளே வேறொன்று இருந்தது.

தினமும் முதல் நோயாளி வருவதற்கு முன்னால் ஹெட்போனைத் தன் காதிலேயே மாட்டி, ஒவ்வொரு சத்தமும் சரியாக வருகிறதா என்று பார்ப்பது அவர் வேலையில் ஒரு வழக்கம். சில மாதங்களுக்கு முன்னால் ஒரு காலையில் மேல்ஸ்தாயிச் சத்தங்கள் எதுவும் வரவில்லை. ஹெட்போன் பழுது என்று எழுதிக்கொடுத்தார். புதுசு வந்தது. அதிலும் வரவில்லை. கம்பெனிக்காரனை நாலு வார்த்தை திட்டிவிட்டு அதற்கும் புகார் எழுத உட்கார்ந்தார். அப்போது முதல் நோயாளியாக வந்த பள்ளிக்கூடப் பெண், அதே ஹெட்போனில் அதே சத்தங்களுக்கு டக் டக்கென்று பட்டனை அமுக்கினாள். மாப்பிள்ளை பேனாவை மூடி வைத்துவிட்டார்.

அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டரிடமும் சொல்லவில்லை, மனைவியிடமும் சொல்லவில்லை. வீட்டில் மனைவி சமையலறையிலிருந்து ஏதாவது சொல்வாள். குரல் வரும், வார்த்தை வராது. ‘ம்’ என்பார். முதலில் அவள் கோபித்துக்கொண்டாள். பிறகு கேள்வியையும் பதிலையும் தானே சொல்லிக்கொண்டாள். இப்போதெல்லாம் பேச்சையே குறைத்துவிட்டாள். புருஷனுக்குத் தன்மேல் சலிப்பு வந்துவிட்டது என்று அவள் நினைக்கிறாள் என்பது அவருக்குத் தெரியும். செவிடன் என்பதைவிடச் சலித்துப்போனவன் என்ற பேரே மேல் என்று விட்டுவிட்டார். அப்படிப்பட்டவரைத்தான், பாடகி மூச்சு வாங்குவது எந்தப் பெட்டியில் சுத்தமாகக் கேட்கிறது என்று சொல்லக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

பெரியவர் வீட்டுக் கூடத்தில் இரண்டு பெட்டிகளையும் போர்வையைத் தொங்கவிட்டு மறைத்தாயிற்று. எது பாடுகிறது என்று யாருக்கும் தெரியக்கூடாதாம். அண்ணன் இணைத்தால் தம்பி நம்பமாட்டார், தம்பி இணைத்தால் அண்ணன் நம்பமாட்டார். ஆகவே பெட்டிகளிலிருந்து வெளியே இருந்த ஒரே ஆம்ப்ளிஃபயருக்கு ஒயர் மாட்டும் பொறுப்பு பெரியவரின் மனைவிக்குப் போனது. மகராசிக்கு இந்தப் பெட்டிகள் இரண்டும் ஒரே ராத்திரியில் திருட்டுப் போனால் நிம்மதி.

“சிவப்புல சிவப்பு, வெள்ளையில வெள்ளை. அவ்வளவுதான். புரிஞ்சுதா?” என்றார் பெரியவர்.

“உங்க வீட்டுக்கு வந்து இத்தனை வருஷத்துல இதையாவது தெளிவா சொன்னீங்களே” என்று போர்வைக்குள் நுழைந்தாள் அண்ணி.

மாப்பிள்ளை ஆஸ்பத்திரியிலிருந்து சத்தம் அளக்கும் மீட்டரைக் கொண்டுவந்திருந்தார். இரண்டு பெட்டியில் எது ஒரு துளி உரக்கப் பாடினாலும் கேட்பவருக்கு அதுவே இனிமையாகப் படும். அதனால் முதலில் இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவரவேண்டும் என்பது அவர் தொழிலில் ஆரம்பப் பாடம். ஆம்ப்ளிஃபயரின் குமிழை ஒன்றாம் வழியில் வைத்துப் பார்த்தார். இரண்டாம் வழிக்கு மாற்றினார். முள் இம்மிகூட அசையவில்லை. திருகவேண்டிய வேலையே இல்லை. இரண்டு கம்பெனிப் பெட்டிகள் இப்படி ஒட்டிப் பிறந்த மாதிரி நிற்குமா என்று வேறொரு நாளாக இருந்தால் யோசித்திருப்பார். அன்று, ஒரு வேலை மிச்சம் என்று மீட்டரை உறையில் போட்டுவிட்டார்.

ஒரே பாட்டின் இரண்டு சிடிகள் சேர்ந்து ஓட ஆரம்பித்தன. மாப்பிள்ளை குமிழைத் திருகி ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு என்று மாற்றினார்.

“ஆகா! ரெண்டுல குரல் அப்படியே முன்னாடி வந்து நிக்குது பாருங்க” என்றார் காண்ட்ராக்டர்.

“முன்னாடி வந்து மூஞ்சியில இடிக்குது. ஒண்ணுதான் அடக்கமா இருக்கு. இதுக்குப் பேரு பண்பு” என்றார் பல் டாக்டர்.

ஒன்றில் வெளிச்சம், இரண்டில் ஆழம், ஒன்றில் கூடம் பெரிதாகிறது, இரண்டில் சுவரே காணவில்லை. இருவர் கண்ணிலும் தண்ணீர் வராத குறை. மாப்பிள்ளைக்கு ஒன்றும் இரண்டும் ஒன்றாகவே கேட்டன. காது இவ்வளவுமா போய்விட்டது?

“சொல்லுங்க மாப்பிள்ளை!”

பொய் சொல்லக்கூடத் தெம்பில்லை. “எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியலை மச்சான்.”

“என்ன, ஊர்க் காதெல்லாம் பார்த்துப் பார்த்து உங்க காது தேய்ஞ்சு போச்சா?” காண்ட்ராக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். மாப்பிள்ளை சிரிக்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அவர் மனைவி தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

அந்தப் பார்வைக்குத் தப்பிக்கத்தான் அவர் எழுந்து போர்வைக்குப் பின்னால் போனார். ஒயர்களைப் பார்த்தார். கறுப்புப் பெட்டியின் முதுகில் இரண்டு ஜோடித் துளைகள். நாலு ஒயரும் அவற்றிலேயே செருகியிருந்தன. சிவப்பில் சிவப்பு, வெள்ளையில் வெள்ளை. வெள்ளிப் பெட்டி ஒரு ஒயரும் இல்லாமல் தன்பாட்டுக்குச் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

போர்வை விலகியதும் எல்லோரும் அண்ணியைப் பார்த்தார்கள்.

“நீங்க சொன்ன மாதிரிதானே மாட்டினேன்?” என்றாள் அண்ணி. “ரெண்டு பெட்டியிலயும் மாட்டணும்னு யாரு சொன்னா?”

முதலில் தேறியவர் பெரியவர்தான். “பார்த்தியாடா! நம்ம ரெண்டு பேரும் ஒரே பெட்டியைக் கேட்டுக்கிட்டு வானத்துக்கும் பூமிக்கும் குதிச்சிருக்கோம். மாப்பிள்ளை ஒருத்தர்தான் சரியா சொல்லியிருக்கார். காதுன்னா இது காது! தங்கக் காது!”

“மன்னிச்சுக்குங்க மாப்பிள்ளை. இனிமே நீங்க சொல்றதுதான் தீர்ப்பு” என்று காண்ட்ராக்டர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

கேட்காதவருக்குக் கேட்டவர் என்று பட்டம்! வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், ஆயுசுக்கும் அந்தப் பெயர் நிற்கும். அவரும் வாயை மூடிக்கொண்டுதான் ஒயர்களைச் சரியாக மாட்டினார். இந்தத் தடவை முள் தாவியது. வெள்ளிப் பெட்டியைக் கொஞ்சம் இறக்கிச் சமப்படுத்தினார். மறுபடியும் ஒன்று, இரண்டு. சூடுபட்ட சகோதரர்கள் இப்போது வாயே திறக்கவில்லை. நாலு கண்ணும் மாப்பிள்ளையின் முகத்தில் இருந்தன.

மாப்பிள்ளைக்கு இப்போதும் ஒன்றும் இரண்டும் ஒன்றுதான்.

“இதுல அந்தப் பித்தளைத் தட்டு சர்ருன்னு கொஞ்சம் கூசுது. அதுல கூசலை” என்றாள் ஜன்னலோரத்திலிருந்து அவர் மனைவி. “அப்படித்தானேங்க?”

“எந்தத் தட்டு?” என்று கேட்டுவிட்டார்.

“ட்ரம்ஸோட, பாட்டு முழுக்க அடிச்சுக்கிட்டே இருக்கே!”

அவர் கையிலிருந்த குமிழை விட்டார். பாட்டு பாட்டுக்கு ஓடியது.

“தங்கக் காதெல்லாம் இல்ல மச்சான். முன்னாடி நான் சரியாக் கேட்டுச் சொல்லலை. எனக்கு அந்தத் தட்டே கேக்கலை. மேல இருக்கிற சத்தம் எதுவும் கேக்கறதில்லை. சில மாசமா.”

பெரியவர் பிளேயரை நிறுத்தினார். அண்ணி, “உக்காருங்க தம்பி” என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். காண்ட்ராக்டர் ஏதோ வேடிக்கையாகச் சொல்ல வாயெடுத்து, தங்கையைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

அவள் எழுந்து வந்து புருஷன் எதிரில் நின்றாள்.

“அப்போ சமையல்கட்டுல இருந்து நான் பேசுறது?”

“குரல் கேக்கும். என்னன்னு புரியாது.”

“எல்லாத்துக்கும் ‘ம்’னீங்களே?”

“வேற என்ன சொல்ல?”

“போன வாரம் உங்களைத் திட்டித் தீர்த்தேனே, அது?”

“திட்டினியா?” என்றார் அவர், நிஜமான ஆச்சரியத்தோடு. “பக்கத்து வீட்டுக் கதையோன்னு நினைச்சேன்.”

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டுக்கும் முந்தானையையே உபயோகித்தாள். “நான் வேண்டாதவளாப் போயிட்டேன்னு நினைச்சுக்கிட்டிருக்கேன். இந்த மனுஷன் காது கேக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லலை பாருங்கண்ணா.”

“காது பார்க்கிறவன் எனக்கே காது இல்லைன்னா வேலை என்ன ஆகும்? நாளைக்கு ஆஸ்பத்திரியில பெரிய டாக்டர்கிட்ட சொல்லியாகணும்” என்றார் அவர். சொல்லும்போது குரலில் பயம்கூட இல்லை, அவ்வளவு அலுத்திருந்தார்.

“ஆகிறது ஆகட்டும். நாளைக்கு நானும் வர்றேன்.”

அவள் ஒரு முக்காலியை இழுத்து, வெளிச்சம் தன் முகத்தில் விழும்படி, அவருக்கு முட்டி இடிக்கும் தூரத்தில் உட்கார்ந்தாள். அண்ணன்மார் இருவரும் தத்தம் பெட்டிகளைத் துணிபோட்டு மூடத் தொடங்கினார்கள்.

“என் வாயைப் பாருங்க” என்றாள். “போன வாரம் திட்டினதை முதல்ல இருந்து சொல்றேன்.”