ஏழுமலை அண்ணனின் வயலைப் பார்த்தவள்

செஞ்சி பேருந்து நிலையத்தில் வல்லம் பேருந்துக்காக நின்றிருந்தபோது கிடங்குக் காவலர் தொலைபேசியில் அழைத்தார். "பத்மா போயிடுச்சிம்மா. நெஞ்சு வலின்னாங்க. ஆஸ்பத்திரி போறதுக்குள்ளயே..." வந்த பேருந்தில் ஏறாமல் நின்றுவிட்டேன்.

எங்கள் உழவர் குழுவின் விதைக் கிடங்கில் பத்மா அக்காவும் நானும் மூன்றாண்டுகள் ஒரே மேசையில் வேலை பார்த்தோம். ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் நூறு நெல்லை எடுத்து, ஈரச் சாக்கில் சுருட்டிவைத்து, முளைத்தவற்றை எண்ணுவோம். நான் வேகமாக எண்ணிவிடுவேன். அக்கா ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்ப்பார். "மூக்க நீட்டிட்டா ஆச்சா? கால ஊனட்டும், அப்பறம் எண்ணு" என்பார். "இன்னாக்கா, பொண்ணு பாக்குற மாதிரி பாக்குறீங்க?" என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். நான் வாய் திறந்ததே அதிசயம் என்று அன்று முழுக்கச் சிரித்தார்.

போன பருவத்தில், எங்களிடம் விதை வாங்கும் ஏழுமலை அண்ணன் சேற்றில் நெல் விதைத்த மறுநாளே மழை கொட்டி வயல் மூழ்கியது. ஒரு வாரமாகியும் நீர் வடியவில்லை. மறுபடி விதைக்க வேண்டுமா என்று பார்த்துவர நான் போனேன். தெளிந்த தண்ணீருக்குள் முளைகள் வெள்ளை வெள்ளையாக நீண்டிருந்தன. அந்த மகிழ்ச்சியில் சேற்றில் கைவிட்டு ஒன்றைக்கூடப் பிடுங்கிப் பார்க்கவில்லை. முளைத்துவிட்டது என்று ஏட்டில் எழுதினேன். அதை நம்பி அக்கா அவருக்குத் தொலைபேசியில் சொன்னார். மறுபடி விதைக்கக் கிடங்கில் இருந்த மிச்ச விதை மற்றவர்களுக்குப் போய்விட்டது.

நீருக்கடியில் காற்றில்லாமல் முளைக்கும் நெல், மேலே எட்டிவிடக் குருத்தைத்தான் நீட்டும்; வேர் விடாது. கல்லூரியில் படித்து, தேர்விலும் எழுதிய பாடம் அது. தண்ணீர் வடிந்ததும் முளைகள் நூல் நூலாகச் சேற்றில் படுத்துவிட்டன.

அன்று சாயங்காலம் ஏழுமலை அண்ணன் வந்தபோது அக்கா சாப்பாட்டு டப்பாவைத் திறந்திருந்தார். அவர்கள் சமணக் குடும்பம்; பொழுது சாய்ந்தபின் உண்பதில்லை.

"மொளச்சிடுச்சின்னு எப்டி சொன்ன? வந்து பாரு, வயல்ல இன்னா இருக்குதுன்னு!"

நான் ஏட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். அக்கா எழுந்து நின்றார். "நாந்தாண்ணே சொன்னேன். தப்புதான்."

ஏழுமலை அண்ணன் இருட்டும்வரை திட்டினார். அக்கா டப்பாவை அப்படியே மூடி எடுத்துக்கொண்டு பேருந்துக்கு நடந்தார்.

மறுநாள், என் தவறை ஏன் தன்மேல் போட்டுக்கொண்டார் என்று கேட்டேன். "ஒங்க வூட்ல மொதமொதல்ல படிச்சி வேலைக்கு வந்தவ நீ. வந்ததும் பேர் கெடணுமா? அடுத்த தபா புடுங்கிப் பாருடி."

அதன்பின் ஏழுமலை அண்ணனும் அவருடைய பங்காளிகளும் அக்கா கையால் விதை வாங்கவில்லை. அக்கா மேசையில் இருந்தால் திரும்பிப் போவார்கள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். சாவு வீட்டிலும், "நல்ல பொம்பள. என் வயலுக்குத்தான் பாக்காமயே வாய்ல வந்தத சொல்லிட்டா" என்றார் ஏழுமலை அண்ணன். பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அப்போதும் பேசவில்லை.

நம் குழுவின் மடலை எல்லோரும் படிப்பீர்கள் என்பதால் இங்கே எழுதுகிறேன். ஏழுமலை அண்ணே, உங்கள் வயலைப் பார்த்தது நான். பிடுங்கிப் பார்க்காமல் எழுதியதும் நான். அக்கா தன் பெயரில் சுமந்த அந்தத் தவறுதான் அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருக்கிறது. இனி அது என் பெயரிலேயே இருக்கட்டும்.