முந்நூறு பெண்களின் அளவு

அந்தத் தெருவில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஊசி என்றுதான். ஒல்லி உடம்பு, கூரான வாய், தையல் பிழைப்பு. மூன்றுக்கும் ஒரே பெயர் பொருந்திப்போனது.

மருந்துக்கடைக்கு மேலே பத்துக்குப் பத்தில் ஒரு அறை, இரண்டு மிஷின். வாடிக்கை பெரும்பாலும் போன் வழியாக. ஒன்பது வருடமாக இணையத்தில் ஒரு பக்கம் நடத்திவந்தாள். பெண்கள் தங்கள் படங்களையும் மார்பு, இடுப்பு அளவுகளையும் அதில்தான் அனுப்புவார்கள். ‘அக்கா, ஆபரேஷன் ஆச்சு. ஒரு பக்கம் எடுத்துட்டாங்க. அதுக்குத் தகுந்த மாதிரி தைங்க’ என்று கூடப்பிறந்தவளிடமும் சொல்லாததை அவளுக்கு எழுதுவார்கள்.

இத்தனைக்கும் பூட்டாக இருந்தது மகளின் பிறந்த தேதி. பக்கத்துக்கும் அதுதான், மெயிலுக்கும் அதுதான், வீட்டு வைஃபைக்கும் அதுதான். கணவனுக்குத் தெரியும், நாத்தனாருக்கும் தெரியும். நாத்தனார் அண்ணியின் மெயிலையும் அந்தத் தேதியையும் போட்டு ஏதோ பரிசுக் குலுக்கல் தளத்தில் சேர்ந்திருந்தாள். அங்கிருந்து கசிந்துவிட்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பக்கமும் திறக்கவில்லை, மெயிலும் திறக்கவில்லை. தேதியைப் போட்டாள். தவறு என்றது. மறுபடி போட்டாள். அதே பதில். பதினோரு மணிக்கு, ஆபரேஷனைப் பற்றி எழுதியிருந்த அந்தப் பெண், ஒரு பள்ளி ஆசிரியை, படியேறி வந்து நின்றார்.

“உங்க பக்கத்துலேர்ந்து ஒரு லிங்க் வந்துச்சு. நீங்க அனுப்பினதுன்னு நெனச்சு அழுத்திட்டேன். இப்ப என் படமெல்லாம் யார் கையில இருக்கு?”

ஊசி மிஷினை நிறுத்திவிட்டுப் போனை எடுத்தாள். 

அழ நேரமில்லை. மெயிலோடு அவள் போன் நம்பர் சேர்ந்திருந்தது. நல்லவேளை, திருடன் அதை இன்னும் மாற்றவில்லை. நம்பருக்கு வந்த குறியீட்டை வைத்து மெயிலை மீட்டு, மெயிலை வைத்துப் பக்கத்தை மீட்பதற்குள் மணி நான்கு. அன்று மாலை தொடங்கி, ஒவ்வொருத்தியாகப் போனில் கூப்பிட்டு, நடந்ததை மறைக்காமல் சொன்னாள். திட்டியவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

பக்கம் மீண்ட அன்றே எல்லாவற்றையும் மாற்றினாள். ஒவ்வொரு கணக்குக்கும் வேறு வேறு பாஸ்வேர்டு. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத நாலைந்து சொற்களைக் கோத்து, நீளமாக. அதற்கு மேல் போனுக்கு வரும் குறியீடு இரண்டாவது பூட்டு. மறந்துபோகாமலிருக்க ஒரு நோட்டில் எழுதி, பீரோவில் பூட்டி, சாவியைத் தன்னிடமே வைத்துக்கொண்டாள்.

மறுநாள் ஒருவன் போன் செய்தான். “மேடம், உங்க பக்கத்தோட பாதுகாப்புக்காகத்தான் பேசறோம். உங்க போனுக்கு இப்ப வந்த நம்பரச் சொல்லுங்க.”

“என் பாதுகாப்ப நான் பாத்துக்கறேன். நீ வேற வீடு பாரு.” வைத்துவிட்டாள்.

திருடனோடு மல்லுக்கட்டியது ஒரு நிமிடம். வீட்டோடு அப்படி முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை, ஊசி வீட்டில் துணி வெட்டிக்கொண்டிருந்தபோது நாத்தனார் வந்தாள்.

“அண்ணி, மெயில் தொறக்க மாட்டேங்குது. புது பாஸ்வேர்டு என்ன?”

“சொல்ல மாட்டேன்.”

விளையாட்டென்று நினைத்து நாத்தனார் சிரித்தாள். அண்ணி சிரிக்கவில்லை.

“குடும்பத்துக்குள்ள என்ன ஒளிவு மறைவு? பாத்தியாண்ணா, அண்ணிக்கு வந்த திமிர?”

கணவன் தொண்டையைக் கனைத்தான். “எனக்காவது சொல்லி வையேன். நாளைக்கு உனக்கு ஏதாவது ஒண்ணுன்னா?”

“ஒண்ணுன்னா பீரோவ உடைச்சு எடுத்துக்குங்க. நான் நல்லா இருக்கற வரைக்கும் கிடையாது.” கத்தரிக்கோலை மேசையில் வைத்தாள். “எனக்கென்ன ரகசியம் இருக்கு? நான் பேசறது பூரா தெருவுக்கே கேக்குது. இது முந்நூறு பொம்பளைங்களோட உடம்பு. என்னை நம்பிக் கொடுத்தாங்க. உங்கள நம்பியோ உங்க தங்கச்சிய நம்பியோ இல்ல.” நாத்தனாரிடம் திரும்பினாள். “உக்காரு, உனக்குன்னு தனியா ஒரு மெயில் ஆரம்பிச்சுத் தரேன். பாஸ்வேர்ட நீயே போடு. என்கிட்டகூடச் சொல்லாத.”

நாத்தனார் உட்காரவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். கணவன் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. வாடிக்கையில் நாற்பது பேர் திரும்பி வரவே இல்லை. ஆசிரியையும் அதில் ஒருவர். அவர்கள்மேல் அவளுக்கு வருத்தமில்லை. வராதவர்களின் படங்களையும் அளவுகளையும் ஒன்றுவிடாமல் அழித்தாள்.

ஒரு மாதம் கழித்து, நூல்கண்டு கொடுக்கத் தையல் அறைக்கு வந்திருந்த கணவனுக்கு நாத்தனாரிடமிருந்து போன், மறுபடியும் அந்தப் பாஸ்வேர்டு கேட்டு.

“எனக்கே தெரியாதும்மா. கேட்டாலும் தர மாட்டா,” என்றான். குரலில் பழைய சலிப்பு இல்லை. கொஞ்சம் பெருமைகூட இருந்ததோ என்னவோ.

ஊசி மிஷினிலிருந்து தலை தூக்கவில்லை. “மாட்டாங்கறத இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க. அங்க சரியாக் கேக்கட்டும்.”