ஆண்டனியின் வெள்ளைக் கர்ச்சீப்

1. புது ஆள்

ஜோகுபாளையத்தில் கௌடருடைய மாட்டுக் கொட்டகையில் புல் லோடு பாஸ் பண்ணுகிற வேலை பன்னிரண்டு வருஷம் என் கையில் இருந்தது. காய்ந்த ராகித் தாளைத்தான் பெங்களூரில் ராகிப் புல் என்போம். லாரி வந்து நின்றால் மேலே ஏறி, கட்டுகளுக்கு நடுவில் தோள் வரைக்கும் கையை விடுவேன். உள்ளே குளிர்ச்சியாக, மொறமொறவென்று இருந்தால் பாஸ். ஈரமாகவோ சூடாகவோ இருந்தால் லாரி திரும்பிப் போகும். முப்பது மாட்டின் வயிறு என் கையில் என்று எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

தொண்ணூறுகளின் நடுவில் பிரேசர் டவுனிலிருந்து ஆண்டனி வந்தான். குதிரை லாயத்தில் வேலை பார்த்தவன். இஸ்திரி போட்ட சட்டை, பாக்கெட்டில் வெள்ளைக் கர்ச்சீப். கட்டின் நடுவிலிருந்து ஒரு பிடி உருவி, மோந்து பார்த்து, கர்ச்சீப்பை விரித்து அதன் மேல் உதறுவான். சாம்பல் நிறத்தில் தூசி விழுந்தால் பூசணம் என்பான்.

"குதிரைக்கு இந்தத் தூசி ஆகாது அண்ணா. மாட்டுக்கு மட்டும் ஆகுமா?"

கௌடர் வாயைப் பிளந்துவிட்டார். "பாத்தியாப்பா முனுசாமி, எவ்ளோ நீட்டா பண்றான்!" என்றார். பன்னிரண்டு வருஷத்தில் என் கையை ஒரு நாள்கூட அவர் அப்படிப் பார்த்ததில்லை. வயிறு எரிந்தது, மறைக்க என்ன இருக்கிறது? வீட்டுக்குப் போய் என் மனைவியிடம், "குதிரைக்காரனுக்கு மாட்டைப் பத்தி என்னாடி தெரியும்?" என்று கத்தினேன். "கத்துறதுக்கு பதிலா நீயும் ஒரு கர்ச்சீப் வாங்கேன்" என்றாள் அவள். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

2. கார்த்திகை லோடு

அந்த வருஷம் ராகி அறுப்பு நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. நல்ல புல்லுக்குப் பஞ்சம். கௌடர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"புல்லு பாக்க ரெண்டு பேர் எதுக்குப்பா? ஒருத்தர் பாருங்க. இன்னொருத்தர் சாணி தள்ளட்டும். வர்ற லோடுல பாத்து முடிவு பண்றேன்."

லாரி வந்தது. வெளியே பார்த்தால் தங்க நிறம். ஆண்டனி உருவினான், மோந்தான், கர்ச்சீப்பில் உதறினான். "வேணாம் கௌடரே. உள்ள பூசணம் புடிச்சிருக்கு."

கௌடர் என் பக்கம் திரும்பினார். "நீ பழைய ஆளு. நீ சொல்லுப்பா."

கையை விட்டேன். முழங்கை தாண்டும்போதே தெரிந்துவிட்டது. அடுப்போரம் வைத்த துணி மாதிரி வெதுவெதுப்பு, பிசுபிசுவென்று ஈரம். வேறு நாளாக இருந்தால் டிரைவரைத் திட்டி அனுப்பியிருப்பேன். ஆனால் வேண்டாம் என்றால் ஆண்டனி சொன்னதையே நானும் சொன்னதாக ஆகும். பக்கத்தில் அவன் கர்ச்சீப்பை நாலாக மடித்துக்கொண்டிருந்தான். அந்த மடிப்பைப் பார்த்ததும் எனக்கு என்னவோ ஆகிவிட்டது.

"வெயில் சூடு கௌடரே. புல்லு ஏ ஒன்னு" என்றேன்.

ஆண்டனி என் கையைப் பார்த்தான். கை முழுக்க ஈரத்தில் ஒட்டிய துரும்பு. நான் வேட்டியில் துடைத்துக்கொண்டேன். கௌடர் லோடை இறக்கச் சொல்லிவிட்டார்.

3. செவலை

ஒரு வாரத்தில் பால் குறைந்தது. மாடுகள் புல்லை மோந்துவிட்டு முகத்தைத் திருப்பின. செவலைப் பசு மட்டும் நான் போட்டால் எதையும் தின்னும். அது ஏழு மாசச் சினை. என் கையாலேயே அள்ளி அள்ளிப் போட்டேன், புல் நல்ல புல்தான் என்று எல்லோருக்கும் காட்ட.

மூன்றாவது வாரம் ஒரு காலையில் செவலை குறைமாசத்திலேயே கன்று வீசிவிட்டது. மாட்டு டாக்டர் வந்து பார்த்தார். புல் போரிலிருந்து ஒரு பிடியை உருவி மோந்ததும் அவர் முகம் சுளித்தது. "இந்தப் பூசணத்தையா சினை மாட்டுக்குப் போட்டீங்க?"

"யாரு பாஸ் பண்ணது?" என்று கௌடர் கத்தினார். மறந்துபோய்க் கேட்கவில்லை. என் வாயால் வரவேண்டும் என்று கேட்டார்.

ஆண்டனிதான் முந்தினான். "நானும் பக்கத்துலதான் நின்னேன் கௌடரே. இன்னும் நல்லா சொல்லியிருக்கணும்."

அவன் கோள் சொல்லியிருந்தால் சண்டை போட்டு நிம்மதியாகியிருப்பேன். பாவி, எனக்காகப் பேசினான். அதை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை.

"அவன் சரியாத்தான் சொன்னான் கௌடரே. என் கைக்கும் தெரிஞ்சது. வாய்தான் பொய் சொல்லிச்சு" என்றேன்.

மறுநாள் காலை சாணிக்கூடையை எடுத்துக்கொண்டேன்.

புல் பார்க்க வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். கட்டின் வெளி நிறத்தை நம்பாதே, தோள் வரைக்கும் கையை விடு. கை என்ன சொல்கிறதோ அதையே வாயும் சொல்லட்டும். பக்கத்தில் நிற்பவன் யார் என்று அப்போது பார்க்காதே.

அதற்குப் பிறகு ஆறு வருஷம் சாணி தள்ளினேன். லாரி வரும்போதெல்லாம் கூடையைக் கீழே வைத்துவிட்டு, ஆண்டனி கர்ச்சீப்பை விரிப்பதை எட்டி எட்டிப் பார்ப்பேன். ஒரு தடவையாவது தப்புப் பண்ணுவான் என்று காத்திருந்தேன். கடைசிவரை பண்ணவேயில்லை.