உதடு அசையக் கூடாது

நாற்பத்தாறு வயதில் முதுகலை நர்சிங் படிக்க உட்கார்ந்தேன். கடல் தாண்டிய ஒரு பல்கலைக்கழகம். வகுப்பு, பாடம், பரீட்சை எல்லாமே லேப்டாப்பில். பகலெல்லாம் மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ஐசியு வார்டில் நின்று, ஆனையூர் பஸ்ஸில் இடிபட்டு வந்து, உலையை வைத்துவிட்டு அந்தத் திரைக்கு முன்னால் போய் உட்காருவேன். எங்கள் வார்டுக்குப் பொறுப்பு நர்ஸாக இனி முதுகலை படித்திருக்க வேண்டும் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. அந்த நாற்காலி எனக்கு வேண்டும். என்னிடம் ஊசி போடக் கற்றுக்கொண்டவர்கள் எனக்கு மேலே போய் உட்கார்ந்து, என் லீவுக்குக் கையெழுத்துப் போடுவதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது.

பாடம் பயமில்லை. பரீட்சை எழுதும்போது கேமரா வழியாக ஒரு மென்பொருள் நம்மைப் பார்த்துக்கொண்டே இருக்கும். அதுதான் வந்து சேர்ந்த வினை. முதலில் லேப்டாப்பைத் தூக்கி அறையைச் சுற்றிக் காட்டச் சொல்லும். கட்டிலுக்கு அடியில், பீரோவுக்குப் பின்னால், சாமி படத்துக்கு மேலே, எல்லாம் காட்டினேன். பிறகு உட்கார்ந்து எழுத வேண்டும். வேறு பக்கம் திரும்பக் கூடாது. உதடு அசையக் கூடாது. இரண்டு முறை எச்சரிக்கும், மூன்றாவது முறை திரையை மூடிவிடும்.

எங்கள் தொழிலில் உதடு அசைந்தே ஆக வேண்டும். மருந்தை அலமாரியிலிருந்து எடுக்கும்போது பெயரைச் சத்தமாகப் படிப்போம். ஊசியில் உறிஞ்சும்போது ஒரு தரம். காலிக் குப்பியைக் கீழே வைக்கும்போது இன்னொரு தரம். பக்கத்தில் நிற்பவள் அதைக் காதில் வாங்கிச் சரி பார்ப்பாள். அட்ரினலினும் அட்ரோபினும் அக்கா தங்கை மாதிரி, ஒரே உயரம், ஒரே ஒல்லி. மாற்றி எடுத்தால் உயிர் போய்விடும். சொல்லிச் சொல்லி அந்தப் பழக்கம் என்னோடு ஒட்டிக்கொண்டது. மளிகைக் கடையில் பாக்கெட்டைக் கையில் எடுத்தால்கூட, "கடுகு, நூறு கிராம்" என்று உதடு தானாகச் சொல்லும். கடைக்காரர், "ஆமக்கா, கடுகுதான், சந்தேகப்படாதீங்க" என்பார்.

முதல் பரீட்சையில் மருந்துப் பெயர் கொண்ட கேள்வி வந்ததும் படித்துவிட்டேன். சத்தமில்லை, மூச்சளவுதான். திரையில் சிவப்புப் பெட்டி எழுந்தது: நீங்கள் யாருடனோ பேசுகிறீர்கள். யாரோடு பேச? மின்விசிறியோடா? அடுத்த கேள்விக்கு மறுபடி சிவப்பு. மூன்றாவதற்குத் திரை இருண்டது. பாதிப் பரீட்சையில், கையில் விடைகளோடு, நான் வெளியே நின்றேன்.

பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கேட்டேன். சத்தமாகப் படிப்பது எங்கள் வேலையின் பாதுகாப்பு, நீங்கள் நடத்தும் பாடத்திலேயே அது இருக்கிறது என்று பணிவாக எழுதினேன். மரியாதையான ஆங்கிலத்தில் பதில் வந்தது: இன்னும் ஒரு வாய்ப்பு உண்டு, அதிலும் தவறினால் படிப்பிலிருந்து நீங்க வேண்டியிருக்கும். கொஞ்சம் கோபமாக இன்னொரு தரம் எழுதினேன். அதே பதில், எழுத்து மாறாமல். சுவரில் முட்டினால் வலியாவது புதிதாக இருக்கும்.

என் வீட்டுக்காரர் சோழவந்தான் கொடிக்காலிலிருந்து வெற்றிலைக் கட்டோடு வந்து இறங்கியவர், விஷயத்தைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"வாயத் தெறக்காம ஒன்னயப் பரீட்ச எழுதச் சொன்னாய்ங்களா? நான் இத்தன வருசமா கெஞ்சிக்கிட்டு இருக்கேன், எனக்கே நடக்கலயே!"

"சிரிங்க. நல்லாச் சிரிங்க. படிப்பு போச்சுன்னா தெரியும்."

"சரி, கோவிக்காத. கொழுந்து வெத்தலயா ரெண்டு போட்டு வாயில அடக்கிக்க. எங்கய்யா அம்புட்டு நேரம் பேசாம இருப்பாருன்னா அப்ப மட்டுந்தான்."

கல்லூரிக்குப் போகும் மகளுக்குச் சிரிப்பு வரவில்லை. "அப்பா, மெல்லுனாலும் வாய் அசையும்ப்பா. அம்மா, நீ வா, பழகுவோம்" என்று எதிரே உட்கார்ந்து கேள்வித்தாளை என் முன் வைத்தாள். உதடு அசையும்போதெல்லாம் ஸ்கேலால் மேஜையில் ஒரு தட்டு. "அசையுது." தட்டு. "இப்பயும் அசையுதும்மா." தட்டு. எரிச்சலில் அந்த ஸ்கேலைப் பிடுங்கி முறிக்கலாம் போலிருந்தது. ஆனாலும் பழகினேன். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டவைத்து, சொல்லைத் தொண்டையிலேயே நிறுத்தி, குழந்தையின் வாயைப் பொத்துவதுபோல என் வாயை நானே பொத்திப் பொத்தி. ஒரு வாரத்தில் ஸ்கேல் சத்தம் குறைந்தது.

அப்புறம் ஒரு நாள் வார்டில் ஒருவருக்கு இதயத் துடிப்பு இறங்கிக்கொண்டே வந்தது. டாக்டர் கேட்ட மருந்தை எடுத்தேன், உறிஞ்சினேன், குப்பியை வைத்தேன், ஊசியை நீட்டப் போனேன். பக்கத்தில் நின்ற டி. கல்லுப்பட்டிப் பிள்ளை, என்னோடு வேலை பார்க்கும் இளைய நர்ஸ், என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"அக்கா, சத்தத்தக் காணோம். என்னன்னு சொல்லிட்டுக் குடுங்க."

குப்பியைத் திருப்பிப் பார்த்து, "அட்ரோபின்" என்றேன். சரியான மருந்துதான். ஆனால் சரி என்பது அவள் கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது. அந்த ஆள் பிழைத்து, சாயங்காலம் காபி கேட்டார். நான்தான் அந்தக் காலிக் குப்பியை எடுத்து எடுத்துப் பெயரைப் படித்துக்கொண்டிருந்தேன்.

அன்று வீட்டில் கேள்வித்தாளும் ஸ்கேலுமாக உட்கார்ந்திருந்த மகளிடம், "போதும்டி, எடுத்து உள்ள வையி" என்றேன்.

"அப்ப பரீட்சை?"

"வாரது வரட்டும்."

வாரது வந்தது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். வீட்டுக்காரர் கோழிக்கறி வாங்கப் போனவர் என் பொருட்டு வெளியிலேயே நின்றுகொண்டார். மறுபடி கட்டிலடி, பீரோப் பின்புறம், சாமி படம். எழுதத் தொடங்கினேன். நோய், நிர்வாகம், ஆராய்ச்சி முறை எல்லாம் ஆறு மாதிரி ஓடியது. நடுவே இரண்டு இடத்தில் மருந்துப் பெயர் என்னை மீறி உதட்டுக்கு வந்தது; இரண்டு சிவப்புப் பெட்டி. கடைசிப் பக்கத்தைத் திறந்தால், பக்கம் முழுக்க மருந்தளவுக் கணக்கு. இத்தனை கிலோ எடை, நிமிடத்துக்கு எத்தனை துளி.

எனக்கு இவை கணக்கே இல்லை, தினமும் கையால் செய்வது. ஆனால் வாயால் சொல்லாமல் செய்ததில்லை. கீழுதட்டைப் பல்லால் கவ்விக்கொண்டு முதல் கேள்வியைப் படித்தேன். உதடு பல்லுக்குள்ளேயே துடித்தது. இன்னொரு சிவப்பு வந்தால் எழுதியதெல்லாம் போகும், படிப்பும் போகும். நேரம் நிறைய மிச்சமிருந்தது. அந்தப் பக்கத்தை அப்படியே வெறுமையாக விட்டு, சமர்ப்பி என்பதை அழுத்தினேன். அழுகை வந்தது. அதற்கும் உதடு அசையுமே என்று கேமரா அணையும்வரை காத்திருந்தேன்.

முடிவு வந்தபோது தேர்ச்சி என்று இருந்தது, விளிம்பில். அதன் கீழே இன்னொரு வரி: மருந்தளவுக் கணக்கில் நீங்கள் பலவீனமாக இருக்கிறீர்கள், அடிப்படைப் பாடத்தை முடித்தால்தான் அடுத்த பருவம் திறக்கும்.

"பாஸுன்னுதான போட்டிருக்கு? அப்பறம் எதுக்கு மூஞ்சிய இப்பிடி வச்சிருக்க?" என்றார் வீட்டுக்காரர்.

"கீழ இருக்கறதப் படிங்க."

படித்தார். இந்த முறை சிரிக்கவில்லை. "கிறுக்குப் பயலுக" என்றார், யாரை என்று தெரியாமல்.

அடிப்படைப் பாடத்தைத் திறந்தேன். ஒரு கிராமுக்கு எத்தனை மில்லிகிராம் என்பது முதல் கேள்வி. லேப்டாப்பை அறைந்து மூடிவிட்டு மொட்டை மாடிக்குப் போய்க் கொடியில் கிடந்த துணிகளையெல்லாம் வெடுக்கு வெடுக்கென்று உருவினேன். கிளிப்புகள் தெறித்துப் பக்கத்து வீட்டு மாடிவரை போயின. தூரத்தில் நாகமலை, வெயிலில் வெளுத்துப்போய்ப் படுத்திருந்தது. துணியை மடிக்காமல் அள்ளிக்கொண்டு இறங்கி வந்து, கட்டிலில் எறிந்துவிட்டு, மறுபடி திறந்து, ஆயிரம் என்று தட்டினேன்.