சகினாவின் மதர் ப்ராமிஸ்

பாண்டி பஜார் ஜவுளிக்கடை ஒன்றில் ரவிக்கைத் துணி காட்டியே பாதி ஆயுளைக் கழித்தவள் சகினா. வந்தவர்களிடம் "இல்லை" என்ற சொல்லே வாயில் வரக் கூடாது என்பது அந்தக் கடையின் சட்டம். மயில்கழுத்து நிறம் கேட்டால், அது தீர்ந்துபோயிருந்தாலும், "இருக்கும்மா, உட்காருங்க" என்று சொல்லிவிட்டு ஆனந்தா நீலத்தை எடுத்துப் போடுவாள். அவர்களும் வாங்கிக்கொண்டுதான் போவார்கள்.

நாற்பதைத் தாண்டிய பிறகு, கடலோரத்து ஊரூர் ஒல்காட் குப்பத்தில், பள்ளி முடிந்து வரும் வளரிளம் பிள்ளைகளுக்கான மையம் ஒன்றில் பயிற்சிப் பணியாளராகச் சேர்ந்தாள். ஒரு வருடம் வேலை பார்த்துக்கொண்டே கற்றுக்கொள்ள வேண்டும். தேறினால் வேலை நிரந்தரம். பயிற்சி தரும் ஷண்முகப்ரியா அவளைவிட வயதில் சின்னவள். பிள்ளைகள் எதைச் சொல்ல வந்தாலும், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள் என்று முதல் வகுப்பிலேயே அடித்துச் சொன்னாள். சகினா தலையை நன்றாகத்தான் ஆட்டினாள்.

ஆட்டி என்ன பயன்? ஒரு சாயங்காலம், பதினோராம் வகுப்புப் படிக்கும் ஹம்சினி கேரம் ஆட்டத்தைப் பாதியில் விட்டு எழுந்து வந்து கையை நீட்டினாள். "அக்கா, ஒண்ணு சொல்றேன். யார்கிட்டயும் சொல்லக் கூடாது. மதர் ப்ராமிஸ் பண்ணு."

யாரையும் வெறுங்கையோடு அனுப்பிப் பழகாதவள் அல்லவா? யோசிப்பதற்குள் அந்தக் கையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டாள்.

அடுத்த மாதம் அத்தை மகனுக்கு ஹம்சினியைக் கட்டி வைக்கப் போகிறார்களாம். வயது பதினாறு. பள்ளிக்கூடம் இந்த வாரத்தோடு சரி.

சகினா கணக்குப் போட்டுப் பார்த்தாள். வெளியே சொன்னால் இந்தப் பெண் இனி முகத்தில் முழிக்க மாட்டாள். வாக்குக் கொடுத்தது ஷண்முகப்ரியாவுக்குத் தெரிந்தால் வேலைக்கே உலை. போதாக்குறைக்கு, அல்லாவைத் தவிர வேறெதன் மேலும் ஆணையிடக் கூடாது என்று சொல்லும் வீட்டில் பிறந்துவிட்டு, சர்க்கரை நோயில் படுத்திருக்கும் அம்மாவின் மேலேயே சத்தியம் செய்து தொலைத்திருக்கிறாள். சோறு இறங்கவில்லை. அம்மா இருமினால்கூடத் தூக்கிவாரிப் போட்டது. சொல்லாமல் விட்டால் அந்தப் பிள்ளையின் கதி என்ன என்று நினைத்தபோது, மற்ற பயமெல்லாம் ஒன்றுமில்லை என்றாகிவிட்டது.

மறுநாள் படகுகளுக்குப் பக்கத்தில் ஹம்சினியைப் பிடித்தாள். "கண்ணு, நான் ப்ராமிஸ் பண்ணது தப்பு. சொல்லாம இருக்க என்னால முடியாது. உன்கிட்ட சொல்லிட்டுத்தான் போறேன்."

"நீயும் அவ்ளோதானாக்கா" என்று அழுதுகொண்டே போய்விட்டாள் ஹம்சினி.

வாக்குக் கொடுத்ததையும் மறைக்காமல் சகினா எல்லாவற்றையும் சொன்னபோது ஷண்முகப்ரியா திட்டவில்லை. கேட்ட கையோடு குழந்தைகள் உதவி எண்ணை அழைத்தாள். அதிகாரிகள் வந்தார்கள், பேசினார்கள், கல்யாணம் நின்றது. வாக்குக் கொடுத்ததைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று அவள் சொன்ன அந்தப் "பிறகு"தான் சகினாவை வறுத்தெடுத்தது. ஹம்சினி பள்ளிக்கூடம் போனாள், மையத்துக்கு மட்டும் வரவில்லை. அவளுடைய அம்மா தெருவில் நின்று சாபம் விட்டாள். மற்றப் பிள்ளைகளும் குறைந்துபோனார்கள். எல்லாவற்றையும் தானே கெடுத்துவிட்டதாக நினைத்து, தினமும் காலியான அறையில் உட்கார்ந்திருந்தாள் சகினா.

ஒரு நாள் ஹம்சினியின் வகுப்பில் படிக்கும் அதீபா வாசலில் வந்து நின்றாள். கண்கள் வீங்கியிருந்தன. சகினாவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பெண் வாயைத் திறப்பதற்கு முன்பே, தன்னால் ப்ராமிஸ் எதுவும் பண்ண முடியாது என்று சொல்லிவிட்டாள்.

"ப்ராமிஸ்லாம் வேணாக்கா. நீ சொல்லிடுவன்னு ஹம்சினி சொன்னா. அதான் வந்துகீறேன்."