இரும்பு வளையமும் ஆலாத்திப் பட்டியலும்

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் ஒஸ்லோவில் ஓர் அருங்காட்சியகத்தில் துப்புரவு வேலை செய்தேன். பழைய பொருட்களைப் பார்க்க மற்றவர்களுக்கு என்ன ஆசையோ, எனக்கு அவை தூசி பிடிக்கிற சாமான்கள்தான். அதிலும் சங்கிலியோடு தொங்கிய இரும்பு வளையம் ஒன்று என் உயிரை வாங்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதன் கண்ணாடியில் மூக்கை அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டுப் போவார்கள். நாள் தவறாமல் துடைக்க வேண்டும்.

என் மகளும் ஒருநாள் வகுப்போடு வந்து பார்த்தாள். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. நான் நான்கு வருடமாகத் துடைத்த சாமானைப் பற்றி வீட்டுக்கு வந்து எனக்கே பாடம் எடுத்தாள். டென்மார்க் ராசா நோர்வேயை ஆண்ட காலத்தில், கல்யாணம் கட்டாமல் பிள்ளை பெற்றவளை ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில் நிறுத்தி, அந்த வளையத்தைக் கழுத்தில் பூட்டிவிடுவார்களாம். ஊர் முழுவதும் அவளைக் கடந்துதான் உள்ளே போகுமாம்.

“அவவின்ரை அக்கா தங்கச்சி ஒருத்தரும் வந்து கழட்டிவிடேல்லையா அம்மா?”

“அவையும் உள்ளுக்கை போயிருப்பினம். நீ போய்க் கையைக் கழுவு” என்றேன். வேலையால் வந்த களைப்பு எனக்கு. கல்நெஞ்சுக்காரச் சனம் என்று மனதுக்குள் திட்டியதோடு சரி.

அடுத்த வருடம் அவள் பெரியபிள்ளையானாள். ஒஸ்லோவிலேயே பியோர்ண்டால் பக்கம் மண்டபம் எடுத்துச் சாமத்தியச் சடங்கு வைத்தோம். எங்கள் சடங்குகளில் ஆலாத்தி, அதாவது ஆரத்தி, எடுக்கக் கூப்பிடுவது ஒரு பெண்ணுக்குக் கொடுக்கிற மரியாதை. ஒலிவாங்கியில் பெயர் வாசிக்க வாசிக்க, சுமங்கலிகள் சோடி சோடியாக மேடையேறிப் பிள்ளைக்கு முன்னால் தட்டைச் சுற்றுவார்கள். யாரைக் கூப்பிட்டார்கள், யாரை விட்டார்கள் என்பது மண்டபம் முழுவதற்கும் தெரிந்துவிடும். வீடியோவிலும் இருக்கும்.

என் தங்கச்சி அதற்கு முந்திய பனிக்காலத்தில்தான் புருஷனை விட்டுப் பிரிந்து வந்திருந்தாள். அவன் கை நீட்டுகிறவன் என்பது எல்லோருக்கும் தெரியும். என் மகளை வளர்த்தவள் அவள். நான் விடியவே வேலைக்கு ஓட, அவள்தான் பேருந்து பிடித்து வந்து பிள்ளைக்குத் தலை இழுத்துப் பின்னி, குளிர்ச்சட்டை மாட்டி, பள்ளிக்கூடத்தில் விடுவாள். சடங்குக்கென்று பச்சைப் பட்டு ஒன்று எடுத்து வைத்திருந்தாள். “முதல் ஆலாத்தி சித்திதான், சொல்லிப்போட்டன்” என்று பிள்ளையிடம் பகிடி வேறு.

பட்டியல் எழுத உட்கார்ந்தபோது என் மச்சாள், கணவரின் தமக்கை, பக்கத்தில் இருந்தாள். “புருஷனை விட்டிட்டு வந்தவளைக் கொண்டு ஆலாத்தி எடுப்பிச்சா, நாளைக்குச் சனம் என்ன கதைக்கும்?” என்றாள். சண்டை போட்டிருக்கலாம். எனக்கு வாய் இல்லாமல் இல்லை. ஆனால் மண்டபம், சாப்பாடு, வேலை என்று இரண்டு கிழமையாகச் சரியான நித்திரை இல்லை. இதற்கும் ஒரு சண்டையா என்று அலுப்பாக இருந்தது. அலுப்பு என்று சொல்வதும் சாட்டுத்தான். பயந்துவிட்டேன். அவள் பெயரை விட்டுவிட்டு மற்றவர்களின் பெயர்களை எழுதினேன். அவளிடம் முன்கூட்டிச் சொல்லவும் இல்லை.

சடங்கன்று அவள் முன்வரிசையில், ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் இருந்தாள். முதல் பெயர் வாசிக்கத் தொடங்கியதும் சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டு பாதி எழும்பினாள். பெயர் வேறு. திரும்பக் கதிரையில் இருந்தாள். அடுத்த சோடி, அதற்கடுத்த சோடி. பதினொரு சோடிப் பெண்கள் அவளைக் கடந்து மேடையேறினார்கள். சிலர் அவளைப் பார்த்தார்கள், சிலர் பார்க்காத மாதிரிப் போனார்கள். அப்போதுதான் மகள் சொன்ன தேவாலய வாசல் ஞாபகம் வந்தது. பத்தடி நடந்து அவள் கையைப் பிடித்துக் கூட்டி வந்திருக்கலாம். மேடையிலிருந்து மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வீடியோக்காரருக்குச் சிரித்துக்கொண்டு நின்றேன்.

சனம் போன பிறகு, மண்டபத்துக் குசினியில் அவள் அந்தப் பட்டோடு நின்று பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, அந்தப் பட்டியல் ஆர் எழுதினது?”

“மச்சாள்” என்றேன். கொஞ்சமும் யோசிக்காமல் வந்தது பொய்.

“ஓ. வாசிச்சவர் அதை என்ரை பக்கத்துக் கதிரையிலைதான் வைச்சிட்டுப் போனவர். உங்கடை எழுத்து மாதிரி இருந்துது.”

அவள் கையைத் துடைத்துவிட்டு, ஒரு கோப்பையில் தேத்தண்ணி ஊற்றி என் பக்கம் தள்ளினாள்.

“குடியுங்கோ அக்கா. காலமை துவங்கி நிக்கிறியள்.”